சுறா வாடை இல்லாத ஏப்பம்

போன மாதம் மூட்டுவலிக்கு மருந்து வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "அண்ணாச்சி, இது புதுசா வந்திருக்கு. லிப்போசோம் போட்டது. அப்படின்னா என்னன்னு உங்களுக்குச் சொன்னா வெளங்காது" என்றான். நான் சிரித்த சிரிப்பில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டது.

"ஏலே, நீ பொறக்கதுக்கு முன்னாலயே அந்த லிப்போசோமை இடுப்பை ஆட்டி ஆட்டிச் செஞ்சவம்ல நான்" என்றேன். அவன் நம்பவில்லை. டப்பாவின் விலையைச் சொன்னான். நானும் நம்பவில்லை.

இதைப் பழைய ஆபீசில் போய்ச் சொன்னதுதான் வினை. அங்கே இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "சூசை அண்ணாச்சி, இதை எழுதிக் குடுங்க, எங்க மலர்ல போடுதோம்" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுவதா? மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் வந்துவிட்டேன். அதனால் நான் சொல்கிறேன், வேறொருத்தி எழுதுகிறாள். என் பேச்சைக் கழுவிக் காயப்போட்டு, அச்சுத் தமிழாக மடித்து வைப்பது அவள் பொறுப்பு. நான் ஏதாவது கூடக்குறையச் சொன்னால் பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். இப்போதும் முறைக்கிறாள்.

நான் பிறந்தது முத்துக்குளிக்கிற குடும்பம். என் அப்பா மூழ்கினால், மேலே கயிறு பிடிக்கிறவன் செபமாலை சொல்லத் தொடங்கிவிடுவான், அவ்வளவு நேரம் மூச்சடக்குவார். எனக்குத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினாலே மூச்சு முட்டும். வள்ளத்தில் ஏற்றினார்கள். கரை மறையும் முன்பே வாந்தி எடுத்தேன். சரி, இவன் கடலுக்கு ஆகமாட்டான் என்று துறைமுகத்தில் மூட்டை தூக்க விட்டார்கள். உப்பு மூட்டையைக் கப்பலில் போடச் சொன்னால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போட்டேன். கடலுக்கு உப்புப் போட்டவன் என்று கொஞ்ச நாள் எனக்குப் பட்டப்பெயரே இருந்தது. கடைசியில் பங்குச் சாமியார் யார் யாருடைய கையைக் காலையோ பிடித்து, கடற்கரை ரோட்டில் இருந்த ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டெண்டராகச் சேர்த்துவிட்டார். எழுபதுகள் முடியப்போகிற நேரம்.

அந்தக் கட்டடம் முன்னே நிலாவாரை இலை அடைத்து வைத்த கிட்டங்கி. பேதிக்குக் கொடுக்கிற இலை. மனிதன் வயிற்றுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பு அப்போதே எழுதி வைத்திருக்கிறது போல.

என் பயிற்சிக் காலத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். முதலில் கண்ணாடிச் சாமான்களை உடைத்தேன். பிறகு கழுவினேன். பிறகு கழுவும்போது உடைத்தேன். பிறகு என்னைக் கழுவ விடாமல் ஜெபமணி மிஸ்ஸிடம் தள்ளிவிட்டார்கள்.

ஜெபமணி மிஸ் நாசரேத்துக்காரர். அவர்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார். நாயைக்கூட வரிசையில் நிற்க வைப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒல்லியான தேகம், கஞ்சி போட்ட சேலை, அதன் மேல் முழங்கால் வரை ஒரு வெள்ளைக் கோட்டு. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குடுவை உடைந்தால் "ஸ்தோத்திரம்" என்பார். ஆசிட் கொட்டினால் "ஸ்தோத்திரம்" என்று கொஞ்சம் நீட்டுவார். அந்த நீளத்தை வைத்தே நாம் செய்த பிழையின் அளவைத் தெரிந்துகொள்ளலாம். நாங்கள் அவர்களைப் போலப் புரொட்டஸ்டண்ட் வேதக்கோயில் இல்லை, கத்தோலிக்க மாதா கோயில். ஆனாலும் அவர் ஸ்தோத்திரத்துக்குப் பயந்தது போல நான் எந்தச் சாமியாருக்கும் பயந்ததில்லை.

மிஸ் செய்த ஆராய்ச்சி சுறா ஈரல் எண்ணெய் பற்றியது. கண்ணுக்கு அதைப் போல மருந்து கிடையாது. ஆனால் அதன் வாடை இருக்கிறதே! ஒரு கரண்டி குடித்தவன் அன்று முழுதும் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் சுறா பேசுவது போல இருக்கும். பிள்ளைகள் குடித்த வேகத்தில் கக்கிவிடும். வாடை தெரியாமல், வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போய் மட்டும் அந்தச் சத்து அவிழ வேண்டும். வழி என்ன என்பதுதான் மிஸ்ஸின் கேள்வி.

வழியில் முதல் பாதி கோழிமுட்டை. முட்டையின் மஞ்சளிலிருந்து ஒரு கொழுப்பை எடுப்பார்கள். அதைத் தண்ணீரில் குலுக்கினால், யாரும் சொல்லித் தராமலே, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகளாகச் சுருண்டுகொள்ளும். வெங்காயம் போல அடுக்கடுக்காக. சுறா எண்ணெயின் சத்து அந்த அடுக்குகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதுதான் லிப்போசோம். நான் அதைக் கொழுப்புக் குமிழ் என்பேன். மிஸ் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்.

மஞ்சளுக்கு நாங்கள் அலையவில்லை. தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிற பேக்கரிகளுக்கு முட்டையின் வெள்ளை மட்டும்தான் வேண்டும். முந்திரியும் சீனியும் வெள்ளையும் அடித்தால் மக்ரூன். மஞ்சள் மிச்சம். காலையில் ஒரு தூக்குவாளியோடு பேக்கரிப் பின்வாசலில் போய் நிற்பேன். அங்கே இருக்கிற அண்ணாச்சி, "வாரும் விஞ்ஞானி" என்று மஞ்சளை ஊற்றித் தருவார். அந்த ஊரில் என்னை விஞ்ஞானி என்று கூப்பிட்ட ஒரே ஆத்மா.

அந்தக் கொழுப்பை ஒரு உருண்டைக் குடுவையில் ஊற்றி, உள்சுவர் முழுதும் மெழுகு பூசியது போல ஒட்டிக் காய வைக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். குலுக்குவது என் உத்தியோகம். கையை மட்டும் ஆட்டினால் போதாது. இடுப்பு, தோள், கழுத்து எல்லாம் வேண்டும். எவ்வளவு நேரம்? மிஸ் கடிகாரம் பார்க்க மாட்டார். ஒரு கீர்த்தனையை முதல் சரணத்திலிருந்து கடைசிச் சரணம் வரை மெல்லப் பாடுவார். பாட்டு முடிந்தால் குலுக்கல் முடியும். குடுவையில் பால் போலத் திரண்டு நிற்கும். அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் வாய்தவறிப் பாடி, என் பெஞ்சாதி பிலோமி, "என்னங்க, வேதத்துக்கு மாறிட்டியளா?" என்று பதறிவிட்டாள்.

ஒருநாள் மிஸ் வெளியே போன நேரத்தில், ஒரு டப்பாங்குத்துச் சினிமாப் பாட்டைப் போட்டுக் குலுக்கி வைத்தேன். மிஸ் வந்தார். ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தலையைத் தூக்காமலே, "சூசை, இது சினிமாப் பாட்டு" என்றார். இன்றைக்கு வரைக்கும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

வழியில் மறுபாதி கடலில் கிடைத்தது. கொழுப்புக் குமிழை அப்படியே விழுங்கினால் வயிற்றுப் புளிப்பில் உடைந்துவிடும். அதற்கு ஒரு சட்டை போட வேண்டும். பழுப்புக் கடல்பாசியைச் சோடாவில் ஊறவைத்துக் காய்ச்சினால் கோழைபோல ஒரு பசை வரும். குமிழ்ப்பாலை அதில் கலந்து, ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்புச் சத்துக் கரைத்த தண்ணீரில் விட்டால், விழுந்த கணத்தில் ஒவ்வொரு சொட்டும் உருண்டு கெட்டியாகி, வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி மிதக்கும். மேலே இன்னொரு சட்டை. இறால் கம்பெனிகள் கொட்டுகிற ஓடுகளை வாங்கி, ஆசிட்டில் ஊறப்போட்டு, சாகுபுரம் பக்கமிருந்து வந்த காஸ்டிக் சோடாவில் வேகவைத்து எடுக்கிற பசை அது. இறால் ஓடு ஊறிய நாள்களில் பஸ்ஸில் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். என் இருபுறமும், முன்னும் பின்னும்.

நான் குண்டுமணி என்று பேர் வைத்த அந்த உருண்டை தயார். இது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? புளிப்புத் தண்ணீர் ஒரு குடுவை. அது வயிறு. சோடாவும் பித்தநீரும் சேர்ந்த தண்ணீர் ஒரு குடுவை. அது குடல். குண்டுமணியை முதலில் வயிற்றில் போட்டு ஆட்டி, பிறகு குடலில் போட்டு ஆட்டி, இரண்டு தண்ணீரிலும் கசிந்ததைப் பிரித்தெடுத்து அதில் ஒரு மருந்தை விடுவார் மிஸ். சத்து கசிந்திருந்தால் மயில்கழுத்து நீலமாக ஒரு நிறம் பளிச்சென்று வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறையும். வயிற்றில் நீலம் வரக் கூடாது. குடலில் வர வேண்டும்.

வெறும் குமிழைப் போட்டோம், வயிற்றிலேயே நீலம். வெறும் பாசிக்குள் எண்ணெயைப் போட்டோம், அங்கேயும் நீலம். குமிழைப் பாசிக்குள் போட்டு, இறால் சட்டையும் மாட்டினோம். வயிறு வெள்ளை. குடல் நீலம்! மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னேன்: "மிஸ், நானும் பிலோமியும் மாதிரி. தனித்தனியா ரெண்டும் உதவாது. சேந்தா ஒரு குடும்பம் ஓடுது." மிஸ் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் குடுவை ஏப்பம் விடாதே. உண்மையான வயிறு வேண்டும். மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படித்தான் நான் ஏப்ப அதிகாரி ஆனேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து குண்டுமணி ஒரு கரண்டி விழுங்குவேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோலி சோடா. பிறகு ஏப்பம். மிஸ் ஒரு அடி தள்ளி நின்று முகர்ந்து பார்த்து, சுறா உண்டா இல்லையா என்று குறித்துக்கொள்வார். ஆரம்பத்தில் அவர் முன்னால் வெட்கமாக இருந்தது. போகப்போகக் கூச்சம் விட்டு, ராகம் போட்டே விட்டேன். இரட்டைச் சட்டை மாட்டிய பிறகு சுறா ஒருநாளும் தலை காட்டவில்லை. சாம்பார்தான்.

இந்த வேலையை நான் ஏன் அவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் லூர்து. அப்போது ஒன்றாம் வகுப்பு. பொழுது சாய்ந்துவிட்டால் அவளுக்குக் கண் தெரியாது. மாலைக்கண். ஒரு பெரிய வயிற்றுப்போக்கில் மெலிந்துபோனவள், அதற்குப் பிறகு கீரை, பப்பாளி எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரி சிரப்பைக் கக்கினாள். ஊசி இருந்தால் போட்டார்கள், பல நாள் இருக்காது. ஈரல் எண்ணெய் என்றால் பாட்டில் மூடியைத் திறக்கும் முன்பே வாந்தி. கடற்கரையில் பிறந்து மீன் வாடை ஆகாத பிள்ளை! அடுத்த தெருவில் சாளை பொரித்தால் இவள் இங்கே மூக்கைப் பொத்துவாள். கடல் ஆகாத அப்பனுக்கு மீன் ஆகாத மகள். எங்கள் பரம்பரை அப்படி முன்னேறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து போனால், வாசலில் நின்று சத்தம் காட்டாமல் அவளைப் பார்த்து நாக்கை நீட்டுவேன், கண்ணைச் சொருகுவேன், குரங்கு மாதிரிக் கன்னத்தை உப்புவேன். இன்றைக்காவது சிரிப்பாளா என்று. அவள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடி, "அம்மா, அப்பா வந்தாச்சா?" என்பாள். உள்ளே பிலோமி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர். இப்படியே விட்டால் கருவிழியில் பூ விழுந்துவிடும், பிறகு பகலிலும் தெரியாது என்று சொல்லிவிட்டார். மிஸ்ஸின் குண்டுமணியை வார்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க அவருக்கும் ஆசை. ஆனால் மெட்ராஸ் தலைமை ஆபீசிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வார்டும் இல்லை, திட்டமும் மூடல். லூர்துக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள் என்று நான் மிஸ்ஸிடம் கேட்டேன். "உம்ம பிள்ளை எலி இல்ல சூசை. டாக்டர் கொடுக்கட்டும்" என்றார். அந்த ஒரு விஷயத்தில் மிஸ் கல்.

பெரியவர் பெயர் நமசிவாயம். வருகிற நாள் வெள்ளிக்கிழமை. காலையில் வேறு இடங்களைப் பார்த்துவிட்டு, எங்களிடம் பிற்பகலில்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஏப்பமெல்லாம் காலை ஏப்பம். இப்போது முதல் தடவையாக மத்தியான ஏப்பம். மிஸ் என்னைக் கூப்பிட்டு, "சூசை, மத்தியானம் லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு வாரும். வயிறு முட்டச் சாப்பிட்டுடாதேயும்" என்றார்.

பிலோமியிடம் அப்படியே சொன்னேன். "லேசாச் சாப்பிடணுமாம் பிலோமி."

"வெள்ளிக்கிழமை, கறி கெடையாது. லேசுன்னா நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

நாசரேத்தில் லேசான சாப்பாடு என்றால் ரசமோ மோரோ இருக்கலாம். எங்கள் கடற்கரையில் லேசான சாப்பாடு ஒன்றுதான். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் கொடுக்கிற பத்தியம். பால்சுறாப் புட்டு. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, உதிர் உதிராக. நானும் யோசிக்கவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு தடவையும் லேசாக.

பிற்பகலில் நமசிவாயம் சார் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் தோல்பை, கச்சிதமான மெட்ராஸ் பேச்சு. குடுவை வயிற்றைப் பார்த்தார், குடுவைக் குடலைப் பார்த்தார், நீலம் வந்து மறைந்ததைப் பார்த்து, "வெரி நைஸ்" என்றார். பிறகு நான். குண்டுமணியை விழுங்கினேன். காத்திருந்தோம். சோடாவை உடைத்துக் குடித்தேன். பெரிய இடத்து ஆள் வந்திருக்கிறாரே என்று அடிவயிற்றிலிருந்து, கப்பல் சங்கு மாதிரி ஒன்று விட்டேன்.

சார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டார்.

"மிஸ் ஜெபமணி, லீக் ஆகுது. நல்லாவே ஆகுது."

மிஸ் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "சூசை. மத்தியானம் என்ன சாப்பிட்டீரு?"

"லேசாத்தான் மிஸ். சுறாப்புட்டு."

"ஸ்தோத்திரம்" என்றார் மிஸ். அவ்வளவு நீளமான ஸ்தோத்திரத்தை நான் கேட்டதே இல்லை.

நான் சார் காலடியில் போய் நின்றேன். "சார், இது புட்டுச் சுறா சார், எண்ணெய்ச் சுறா இல்ல. நல்லா மோந்து பாருங்க, பூண்டு வரும், மிளகு வரும். இன்னொண்ணு விடட்டா?"

"கிட்ட வராதீங்க! ரெண்டு சுறாவுக்கும் வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும்? நான் சுத்த சைவம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "மீன் சாப்பிடாத ஒரு ஆளைக் கொண்டு வாங்க. சாயந்தர வண்டிக்கு நான் போகணும். அதுக்குள்ள நிரூபிச்சா சரி. இல்லேன்னா, கண்ணால பார்த்ததை, சாரி, மூக்கால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்."

ஓடினேன். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் தூத்துக்குடியில், மத்தியானம் மீன் சாப்பிடாத ஒரு மனிதனைத் தேடி.

வாட்ச்மேன் அண்ணாச்சியைக் கேட்டேன். "நெத்திலி அவியல். ஏன், ஒனக்கு வேணுமா?" சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். "அயிலக் குழம்பு." உப்பு லாரி டிரைவர், சாளை. கஸ்டம்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, "ஊளி. அதுவும் தலை" என்று உதட்டை நக்கிக் காட்டினார். ஒரு டீக்கடை வாசலில் மிளகாய் மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விளாத்திகுளத்துக்காரர். கரிசல்காட்டு ஆள்! மாதாவே என்று கையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, மத்தியானம் என்ன சாப்பிட்டிய?"

"எங்க ஊருல மீனுக்கு எங்க போக? அதான் இங்கன வந்ததும் மொத வேலையா ஒரு பிடி பிடிச்சிட்டேன்" என்று வயிற்றைத் தடவினார்.

சைவ ஹோட்டலுக்குள் நுழைந்தேன். அங்கே இருந்தவர்கள் வயிறெல்லாம் தங்கம். "யாராவது ஒருத்தர் வந்து ஒரு கரண்டி மருந்து முழுங்கி ஒரு ஏப்பம் விடணும். புண்ணியமாப் போகும்" என்றேன். "என்ன மருந்து?" என்று கேட்டார் கல்லாவில் இருந்தவர். எனக்குப் பொய் சொல்லவும் படிப்பு இல்லை. "சுறா ஈரல்" என்றேன். தண்ணீர்ச் செம்பு என் காதோரமாகப் பறந்து போனது.

அப்போதுதான் எனக்கு நிலைமை முழுதும் விளங்கியது. விழுங்க மனசுள்ளவன் எல்லாம் மீன் சாப்பிட்டவன். மீன் சாப்பிடாதவன் எவனும் விழுங்க மாட்டான்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். பொழுது மங்கிவிட்டது. கரண்டும் இல்லை. சார் தோல்பையை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆள் கிடைச்சுதா?" என்றார் மிஸ்.

"மீனு சாப்பிடாத ஆளு ஒருத்தர்தான் மிஸ் இந்த வட்டாரத்துலயே இருக்காவ" என்று சொல்லிவிட்டு, சாரைப் பார்த்தேன். மிஸ்ஸும் சாரைப் பார்த்தார். சார் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"என்ன விளையாட்டு இது? நான் போறேன்" என்று அவர் எழுந்த நேரம், வாசலில் பிலோமி. கையில் தூக்குச்சட்டி.

"மெட்ராஸ்லேர்ந்து சார் வந்திருக்காவன்னு சொன்னிய. மிச்சம் புட்டு இருந்துது. ஒரு வாய் சாப்பிடட்டுமேன்னு கொண்டாந்தேன்" என்றாள், பளீரென்று சிரித்தபடி. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தூக்குச்சட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் சுவரைத் தடவித் தடவி வந்தாள் லூர்து. வாசலருகே ஆணியில் மிஸ்ஸின் வெள்ளைக் கோட்டு தொங்கியது. மங்கலில் அந்த வெள்ளை மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதன் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஸ்தோத்திரம் மிஸ்" என்றாள். கோட்டு பதில் சொல்லவில்லை. "மிஸ் எம்மேல கோவமா?" என்று அதனிடமே கேட்டாள்.

 அறையின் மறுமூலையில் நின்ற மிஸ், "இல்லம்மா, நான் இங்கன இருக்கேன்" என்றார். லூர்து சத்தம் வந்த பக்கம் திரும்பி, வெட்கத்தோடு சிரித்தாள்.

நமசிவாயம் சார் அவளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மிஸ்ஸிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். மிஸ் இரண்டு வாக்கியத்தில் பதில் சொன்னார். சார் தோல்பையைக் கீழே வைத்தார். குண்டுமணிக் கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்னென்ன இருக்கு?"

"சுறா எண்ணெய்ச் சத்து, கோழிமுட்டை, கடல்பாசி, இறால் ஓடு சார்."

"இதுல எது சைவம்?"

மிஸ் பொய்யே சொல்லாதவர். கொஞ்சம் யோசித்து, "பாசி மட்டும் சார்" என்றார்.

சார் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்டாரோ. "மருந்துதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு கரண்டி வாயில் போட்டு விழுங்கிவிட்டார். பிலோமி ஒன்றும் புரியாமல், "புட்டு சாப்பிடலியா சார்?" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

காத்திருந்தோம். சாயந்தர வண்டி ஊதிக்கொண்டு போன சத்தம் கேட்டது. சார் அசையவில்லை. பிறகு கோலி சோடா. குடித்தார். ஏப்பம் வரவில்லை. ஏப்பம் விடுவது மரியாதைக்குறைவு என்று வளர்ந்த வயிறு. ஊரிலேயே எனக்கு மட்டுமே தெரிந்த வித்தை இது ஒன்றுதான் என்பதால் நான் களத்தில் இறங்கினேன். "சார், வாயைத் தொறங்க. காத்தை உள்ள முழுங்குங்க. இப்ப நெஞ்சுக் குழியைக் கொஞ்சம் எக்குங்க. நாளைக்கு யாருக்கும் சொல்ல மாட்டோம் சார், விடுங்க!" இன்னொரு சோடா உடைந்தது. மிஸ் ஒரு கீர்த்தனையை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார்.

கடைசிச் சரணத்தில் வந்தது. சின்ன ஏப்பமாக ஆரம்பித்து, இடையில் மனசு மாறிப் பெரிதாகி, கிட்டங்கி ஓட்டுக்கூரை அதிர முடிந்தது. கூடவே அவருடைய மெட்ராஸ் பேச்சும் வெளியே போய்விட்டது.

"யெய்யா சாமி!" என்றார். "நான் இங்கன பக்கத்துல ஸ்ரீவைகுண்டத்துக்காரம்ல. எனக்கு ஒண்ணும் வாடை தெரியல. என் மூக்கை நானே நம்பக் கூடாது. வேற யாராவது பாக்கணும்."

யார் பார்ப்பது? எங்கள் மூக்கெல்லாம் மீனில் ஊறியது. எல்லாரும் லூர்துவைப் பார்த்தோம். அடுத்த தெருச் சாளையை இங்கிருந்து பிடிக்கிற மூக்கு அது.

சார் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "ஏளா, இங்கன வா. நல்லா மோந்து பாத்துச் சொல்லு. என்ன வாடை அடிக்கி?" இன்னொரு ஏப்பம் விட்டார். இப்போது கை பழகிவிட்டது.

லூர்து மூக்கிலிருந்து கையை எடுத்தாள். முன்னால் சாய்ந்தாள். நான் என் புட்டு வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனேன். பிலோமி தூக்குச்சட்டியை வெளியே வைத்துவிட்டு வந்து, அவள் வாந்தி எடுத்தால் பிடிக்க முந்தானையை விரித்து நின்றாள். லூர்து இழுத்து முகர்ந்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"மாங்கா ஊறுகா" என்றாள். "கூட... பெருங்காயம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

மிஸ் "ஸ்தோத்திரம்" என்றார். அந்த வார்த்தைக்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சார் அங்கேயே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கையெழுத்துப் போட்டார். நானும், சட்டியை மறுபடி எடுத்துக்கொண்ட பிலோமியும் அவரைத் தூக்கிக் கொண்டாடப் போனோம். "புட்டுச் சட்டியைக் கீழ வச்சிட்டு வாங்க" என்று கத்தினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் வார்டில் கொடுக்க ஆரம்பித்தார். ஜவ்வரிசிப் பாயசத்தில் கலந்து கொடுத்தால் பிள்ளைகள் எது அரிசி, எது மருந்து என்று பார்க்காமல் குடித்தார்கள். லூர்து இன்னொரு கிண்ணம் கேட்டாள். எங்கள் குண்டுமணி கடைசிவரை கடைக்கு வரவில்லை. செலவு கூடுதல், வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று சொன்னார்கள். மிஸ் அடுத்த வேலைக்குப் போனார். நான் அவர் பின்னால் கண்ணாடி உடைத்தபடியே போனேன், ஓய்வு பெறும்வரை. நமசிவாயம் சார் வீட்டிலிருந்து வெகு காலம் வருஷந்தோறும் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் வந்துகொண்டிருந்தது, லூர்து பெயருக்கு.

பாயசம் தொடங்கிச் சில வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல வாசலில் சத்தமில்லாமல் நின்றேன். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. லூர்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நாக்கை நீட்டினேன். கண்ணைச் சொருகினேன். கன்னத்தை உப்பினேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, என்னைவிட நீளமாக, நாக்கை நீட்டினாள்.

இதைச் சொல்லி முடிக்கிற இந்த நேரமும் பொழுது சாய்ந்துவிட்டது. "லைட்டைப் போடு, லூர்து. எப்படி எழுதுத?" என்று கேட்டேன். "எனக்கு நல்லாத் தெரியுதுப்பா. உங்க கண்ணுலதான் பொரை விழுந்திருக்கு" என்கிறாள், பேனாவை நிறுத்தாமல். இப்போது என்ன செய்கிறாள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், நாக்கை நீட்டுகிறாள்.